ஒரே அறையில் மூன்று கட்டில்: முதலில் ஃபேனைப் பாருங்கள்

சின்ன அறையில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கட்டில் போட வேண்டுமென்றால் எல்லோரும் டேப்பை எடுத்துக்கொண்டு தரையைத்தான் அளக்கிறார்கள். முதலில் தலைக்கு மேலே பாருங்கள். ஃபேன் எங்கே தொங்குகிறது, அதன் இறக்கை எதுவரை வருகிறது, அப்புறம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் எங்கே இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த பிறகு தரையை அளந்தால் போதும்.

எங்களுடையது சென்னையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். ஒன்றில் மாமனார், மாமியார். இன்னொன்று பிள்ளைகளுக்கு. நாங்கள் ஹாலில் படுத்துக்கொள்கிறோம். பெரியவளுக்கு 12 வயது, நடுப்பிள்ளைக்கு 9, சின்னவனுக்கு 5. அவர்கள் அறை 10 அடிக்கு 9 அடி. ரொம்பச் சின்னது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பே வீட்டில் இரண்டு அறை இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்கிறது. இந்த அறை எட்டே கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது நம் ஊரில் ஏகப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் அறை இந்த அளவுதான்.

காகிதத்தில் கணக்குப் போட்டால் மூன்று கட்டிலும் நிற்கும். சிங்கிள் மெத்தை 6 அடி நீளம், 3 அடி அகலம், மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 9 அடி, அறையும் 9 அடி. ஆனால் 3 அடி மெத்தைக்குக் கட்டில் 3 அடி 2 அங்குலம் வந்துவிடும், மெத்தையைச் சுற்றிக் கட்டிலின் சட்டம் இருக்கிறதே. மூன்றுக்கும் சேர்த்து ஒன்பதரை அடி. அறைக்குள் அது இறங்காது. அப்படியே இறங்கினாலும் நடுவில் படுக்கிற பிள்ளை ராத்திரி பாத்ரூம் போக இன்னொருவர் மேல் ஏறித்தான் போக வேண்டும், பீரோவுக்கு இடம் இல்லை, தரையில் உட்கார்ந்து ஒரு கேரம் போர்டு போடக்கூட வழி இல்லை.

அப்புறம் எல்லோரும் சொல்வது இரண்டடுக்குக் கட்டில். பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டும், ரயிலில் அப்பர் பெர்த்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். இங்கேதான் ஃபேன் வருகிறது.

சாதாரண சீலிங் ஃபேன் 48 அங்குலம், அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 2 அடி சுற்றுகிறது. 9 அடி அகல அறையில் ஃபேன் நடுவில் இருந்தால் இறக்கையின் நுனி சுவரிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். கட்டிலோ சுவரிலிருந்து 3 அடிக்கு வருகிறது. அதாவது மேல்கட்டிலில் அரையடி இடம் இறக்கைக்கு நேர் கீழே. உயரக் கணக்கு அதைவிட மோசம். எங்கள் சீலிங் ஒன்பதரை அடி, இறக்கை எட்டரை அடியில் சுற்றுகிறது. மேல்மெத்தை 5 அடி உயரத்தில் இருந்தால் நடுவில் மூன்றரை அடிதான் மிச்சம். ஒன்பது வயதுப் பையன் அதன் மேல் உட்கார்ந்து சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் அந்தக் கை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். 36 அங்குல ஃபேன் மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். அதன் நுனி சரியாகக் கட்டில் ஓரத்துக்கு வருகிறது, பையன் ஓரமாகச் சாய மாட்டான் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டுகிற ஃபேன் இரண்டு போடுவதுதான் ஒரே வழி. மேலே ஒன்று, கீழே ஒன்று. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

கட்டிலைக் கடையில் வாங்காமல் வெல்டிங் பட்டறையில் செய்தோம். ரெடிமேடாக வருவது எல்லாம் ஒரு அளவு, நம் அறை வேறு அளவு. பட்டறை அண்ணனிடம் போய் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபேன் எங்க இருக்குன்னு சொல்லுங்கக்கா, அளவெல்லாம் அப்புறம்." அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

செய்தது இதுதான். இரும்புச் சதுரக் குழாயில் இரண்டடுக்கு, கீழ்க்கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த மூன்றாவது கட்டில். பகலில் அது உள்ளே போய்விடும், ராத்திரி இழுத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் காலையில் பாயைச் சுருட்டி மூலையில் வைப்போமே, அதே வேலைதான். அந்தக் காலத்து வீட்டில் ஒரு கூடத்தில் பத்துப் பேர் படுத்து எழுந்ததும் அப்படித்தான். படுக்கை என்பது 24 மணி நேரமும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

உயரத்தை அங்குலம் அங்குலமாகப் போட்டோம். அடிக்கட்டில் மெத்தையோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும் என்பதால் கீழ்மெத்தையின் மேல்பரப்பு தரையிலிருந்து 18 அங்குலம். அதிலிருந்து மேல்கட்டிலின் அடிப்பாகம் வரை 36 அங்குலம் விட்டோம், பெரியவள் தலை இடிக்காமல் உட்கார்ந்து படிக்க வேண்டுமே. அதற்கு மேல் சட்டமும் 4 அங்குல மெத்தையும். மேல்மெத்தை 5 அடி 2 அங்குலத்தில் வந்து நின்றது. மூன்று அடுக்காகச் செய்தால் தரை இன்னும் மிச்சமாகும் என்று ஒரு யோசனை வந்தது, ஆனால் ஒன்பதரை அடிக்குள் மூன்றடுக்கு வைத்தால் யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒரு ராத்திரிப் பயணத்துக்குச் சரி, வருஷக்கணக்கில் படுக்க அது சரிவராது.

மேல்கட்டிலின் தடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைகளில் பார்த்த பல கட்டில்களில் இது பேருக்குத்தான் இருந்தது. அமெரிக்காவில் இதற்கென்றே கட்டாய விதி இருக்கிறது: தடுப்பு மெத்தையின் மேல்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும், கம்பிகளுக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மேலே விடக் கூடாது என்ற எச்சரிக்கை கட்டிலிலேயே இருக்க வேண்டும். இடைவெளிக்குக் காரணம், அகலமாக இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். சுவர்ப்பக்கம் தடுப்பு வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேயும் வேண்டும், சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கிற சந்து போதும் ஒரு பிள்ளை சிக்குவதற்கு. இன்னொன்று, கட்டில் செய்யும்போது 4 அங்குல மெத்தைக்குக் கணக்குப் பார்த்துவிட்டு பிறகு சொகுசாக 8 அங்குல மெத்தை வாங்கிப் போட்டால் தடுப்பே காணாமல் போய்விடும். நாங்கள் மெத்தைக்கு மேல் 10 அங்குலம் வைத்தோம்.

அறைக்குள் எங்கே நிறுத்துவது என்பதில் கதவுதான் முடிவு செய்தது. 9 அடிச் சுவரின் ஒரு மூலையில் கதவு, உள்பக்கம் 3 அடி திறக்கும். கட்டிலையும் அடிக்கட்டிலையும் சேர்த்து இழுத்தால் 6 அடிக்கு மேல் வந்துவிடும், கதவுப் பக்கம் போட்டால் ராத்திரி கதவு முழுசாகத் திறக்காது. அதனால் எதிர்ப்பக்க நீளச் சுவரை ஒட்டி, ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போட்டோம். சுவரில் மிச்சமிருந்த மூன்றரை அடியில் பீரோ. எதிர்ச்சுவரில் மடக்குகிற மேஜை. ராத்திரி எல்லாம் விரித்த பிறகும் இரண்டே முக்கால் அடி நடைவழி இருக்கிறது, பகலில் அறையில் பாதிக்கு மேல் வெறுந்தரை. பிள்ளைகளுக்கு அந்தத் தரைதான் முக்கியம்.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பலகைக்கு பிளைவுட் போட்டால் நிறையத் துளை போடச் சொல்லுங்கள், சென்னை ஈரப்பதத்துக்கு அடிக்கட்டில் மெத்தை காற்றில்லாமல் பூசணம் பிடிக்கும். வாரம் ஒரு நாள் மெத்தையை எடுத்து நிறுத்தி வையுங்கள். சக்கரம் ரப்பர் வைத்ததாக இருக்கட்டும், டைல்ஸில் கீறல் விழாது. குழாய் முனைகளை மூடச் சொல்லுங்கள். பெயின்ட் வாசனை முழுக்கப் போன பிறகு பிள்ளைகளைப் படுக்க விடுங்கள். இரண்டடுக்கில் கொசுவலை கட்டுவது பெரும்பாடு, ஜன்னலுக்கே வலை அடித்துவிடுங்கள். மேல்கட்டிலுக்கு ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்குங்கள், ஏணியில் நின்றுகொண்டு சாதாரண விரிப்பைச் செருகுவது இடுப்பை ஒடிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு என்றால் மே மாதத்தில் மேல்கட்டில் கொதிக்கும், அதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

யார் எங்கே படுப்பது என்பதில் எங்களுக்கு அதிகச் சிரமம் இல்லை. சின்னவன் அடிக்கட்டிலில், உருண்டாலும் பத்து அங்குலம்தான். நடுப்பிள்ளை மேலே. பெரியவள் கீழ்க்கட்டிலில், அவளுக்கு மட்டும் ஒரு கம்பி வைத்துத் திரைச்சீலையும் தனி ஸ்விட்ச் வைத்த விளக்கும். திரையை இழுத்துவிட்டால் அது அவள் இடம், தம்பிகள் கேட்காமல் விலக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஆனால் திரைச்சீலை நிரந்தரத் தீர்வு இல்லை. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, தம்பதி அல்லாத, பத்து வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுத்தாக வேண்டிய நிலை இருந்தாலே அது நெரிசலான வீடு. நமக்கு அப்படி அளவெல்லாம் பார்க்கிற வசதி இல்லை, பல வீடுகளில் இருப்பதே ஒரு அறைதான். ஆனாலும் இன்னும் ஓரிரு வருஷத்தில் அவளுக்குத் தனியிடம் வேண்டியிருக்கும், ஹாலில் எங்கள் இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு நாங்கள் மாற வேண்டியிருந்தாலும் சரி. அதனால்தான் அடுக்குகளை வெல்டு வைத்து ஒட்டாமல் போல்ட் போட்டு இணைக்கச் சொன்னேன். கழற்றினால் இரண்டும் தனித்தனிக் கட்டிலாக நிற்கும்.