வேலை கிடைத்த பிறகுதான் பாடு

சிறைக்குப் போய் வந்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பலரும் அலுத்துக்கொள்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் குலை வெட்டவும் உதிரிப் பழம் பொறுக்கவும் ஆள் தேடிக் குத்தகைக்காரர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பழைய கதையை விசாரிப்பதில்லை. சேமநிதியும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சந்தாவும் கட்டுவதுமில்லை. முறையான மாதச் சம்பள வேலையில் நிலைப்பதுதான் கடினம். என் அக்காள் மகனுக்காக அலைந்தபோது அதைக் கண்ணால் பார்த்தேன்.

அவன்மீது இருந்தது போதைப்பொருள் உட்கொண்ட வழக்கு. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவனுக்குச் சிறையோடு கணக்குத் தீராது. 38பி பிரிவின்படி, வெளியே வந்ததும் இரண்டிலிருந்து மூன்றாண்டு வரை மேற்பார்வை உண்டு. சொன்ன நாளில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், சிறுநீர்ச் சோதனை கொடுக்க வேண்டும். போகாவிட்டால் அது புதிய குற்றம். அலுவலகமோ வேலை நாள்களில்தான் திறந்திருக்கும். புதிதாகச் சேர்ந்தவன் மாதம் தவறாமல் வார நாளில் விடுப்புக் கேட்டால் எந்த முதலாளி பொறுப்பார்?

அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் வரிசையில் நின்றால் முடிகிற காரியம். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் இணையத்தளத்தில் பதிவதற்கும் காசில்லை. ஒரு செம்பனை ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. பாரத்தில், தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள். பேனா அங்கேயே நின்றது.

"இல்லை என்று போட்டுவிடவா, மாமா?"

"ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயத்தை ஆலையில் மட்டும் மறைத்து என்ன பயன்? உண்டு என்று போடு. மிச்சத்தை நேரில் பேசுவோம்."

போவதற்கு முன், மலாயில் ஒரு பக்கக் கடிதம் தயார் செய்தோம். என்ன வழக்கு என்பதற்கு ஒரே வரி. அதன் கீழே வரப்போகும் கையெழுத்து நாள்களும், அவன் கேட்டு வாங்கி வந்த மேற்பார்வை அதிகாரியின் தொலைபேசி எண்ணும். கடைசியில் ஒரு வேண்டுகோள்: அந்த நாள்களுக்கு முந்தின இரவு அவனுக்கு இரவுமுறை கொடுத்தால் போதும், காலையில் ஆலையிலிருந்து நேரே போய்விடுவான், விடுப்பே தேவைப்படாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால் ஆலை இரவிலும் ஓடும். இரவுமுறைக்கு ஆள் கிடைப்பதுதான் அவர்களுக்குப் பெரும் பாடு. மேலாளர் வழக்கைப் பற்றிய வரியைச் சட்டென்று தாண்டிவிட்டு, தேதிகளைத்தான் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை" என்று அவரே சொன்னார். அந்தக் கண்ணியத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

சேர்ந்த சில வாரங்களிலேயே முறைப்பட்டியல் மாறியது. கையெழுத்து நாளன்று பகல்முறை. மேஸ்திரியிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பேசாமல் நின்றுவிடலாமா என்று யோசித்திருக்கிறான். இப்படிச் சொல்லாமல் நின்றுதான் இவனைப்போன்ற பிள்ளைகள் பலர் வேலையை இழக்கிறார்கள். திருட்டாலோ சண்டையாலோ அல்ல. நல்லவேளை, அதற்கு முந்தின நாளே எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். கடிதத்தின் நகலோடு மேலாளரையே போய்ப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் இன்னொருவனோடு முறை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது தேதிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பாதுகாப்புத் தொப்பியின் உள்பக்கம் செருகி வைத்திருக்கிறான்.

குத்தகை வேலையில் நாள் கூலி கையில் வரும்; மழை பெய்தால் அதுவும் இல்லை. இங்கே 2025இல் வந்த 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்ச மாதச் சம்பளம், அதற்கு மேல் முதலாளி சேமநிதியில் கட்டும் 13 விழுக்காடு. முதல் சம்பளச் சீட்டை அக்காள் என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

இப்போது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து சிலர் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். பாதுகாவலர் வேலைதான் வேண்டும் என்பவனிடம், அதற்குப் போலீஸ் சோதனை உண்டு, அதை நம்பிக் காத்திருக்காதே என்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்களிடம் வழக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே, அடுத்த கையெழுத்து என்றைக்கு என்று கேட்கிறேன்.