115 கிலோமீட்டர், இரண்டு வரிசை முத்திரைகள், அப்பாவின் பெயர்

2024 செப்டம்பர் கடைசியில் ஸ்பெயினின் கலீசியா மாநிலத்தில், பழைய கிறிஸ்தவ யாத்திரைப் பாதை ஒன்றில் ஐந்து நாள் நடந்தேன். சாரியா என்ற சிற்றூரில் தொடங்கி சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயம் வரை 115 கிலோமீட்டர். நடந்து முடித்தவர்களுக்கு லத்தீன் மொழியில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதன் பெயரும் கொம்போஸ்தெலாதான். அதைக் கையில் வாங்கும் வரை பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில். அங்குள்ள குடியிருப்பு அட்டை ஸ்பெயினுக்கும் செல்லும் என்பதால் விசா அலைச்சல் இல்லை. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விமானம் இறங்கியது சந்தியாகோவிலேயே. போய்ச் சேர வேண்டிய ஊரில் இறங்கி, பஸ் ஏறிப் பின்னால் போய், அதே ஊருக்குத் திரும்ப நடந்து வருவது முதலில் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் பட்டது.

சாரியாவில் முதல் வேலை கிரெடென்சியால் வாங்குவது. யாத்திரிகர் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடித்து வைக்கும் அட்டை, விலை மூன்று யூரோவுக்குள். உள்ளே கட்டம் கட்டமாக வெற்றிடம். வழியில் உள்ள கோவில், காபிக் கடை, தங்குமிடம் என எங்கு நின்றாலும் முத்திரை குத்திக்கொள்ளலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முத்திரையாவது இருக்க வேண்டும், தேதியும் வேண்டும். அதனால்தான் மற்ற எல்லா ஊர்களையும் விட சாரியாவில் தொடங்குகிறவர்கள் அதிகம்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் கும்மிருட்டு. அந்த மாதத்தில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. இது தெரியாமல் நெற்றி விளக்கு எடுத்துப் போகவில்லை. முன்னே போன கொரியத் தம்பதியின் வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தேன். வழி தவற வாய்ப்பே இல்லை. சிப்பிச் சின்னம் பதித்த கல்தூண்களும் மஞ்சள் அம்புக்குறிகளும் கூடவே வருகின்றன. தூண்களில் மீதித் தூரம் மூன்று தசமப் புள்ளி வரை எழுதியிருக்கிறது. நூறாவது கிலோமீட்டர் தூணில் படம் எடுக்க ஒரு வரிசையே நின்றது.

முதல் இரவு போர்த்தோமரீன். பழைய ஊர் 1960களில் கட்டிய அணைக்குள் மூழ்கிவிட்டது. கோட்டை மாதிரி இருக்கும் அதன் கோவிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கல் எங்கே என்று தெரிய அன்று போட்ட எண்கள் சுவரில் இன்னும் தெரிகின்றன. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்ததால் பாலத்திலிருந்து பழைய ஊரின் சுவர்களையும் பார்த்தேன்.

தங்கியது அரசு ஆல்பெர்கேயில், அதாவது யாத்திரிகர் விடுதியில். பத்து யூரோவுக்கு ஒரு பங்க் கட்டிலும் மெத்தைக்குப் போட ஒரு காகித விரிப்பும். முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதலில். அடுப்பு பளபளவென்று இருந்தது, அலமாரியைத் திறந்தால் ஒரு பாத்திரம் கிடையாது. கலீசிய அரசு விடுதிகளில் இதுதான் வழக்கமாம். அம்மா கொடுத்த புளிக்காய்ச்சலை ரொட்டியில் தடவித் தின்றேன். மோசமில்லை.

இரண்டாம் நாள் பாலாஸ் தெ ரெய் போய்ச் சேருவதற்குள் குதிகாலில் கொப்புளம். புது ஷூ. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதைப் போட்டுக்கொண்டு போன புத்திசாலி நான். மறுநாள்தான் நீளமான கட்டம், அர்சுவா வரை 29 கிலோமீட்டர். பையை வேனில் அனுப்பிவிடலாம், சில யூரோதான் என்றார்கள். அரசு ஆல்பெர்கேயில் அனுப்பிய பையை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதனால் அர்சுவாவில் ஒரு தனியார் விடுதியைப் பிடித்து, காலையில் பையை வாசலில் வைத்துவிட்டு, கைவீசி நடந்தேன். சுகமோ சுகம்.

பாதி வழியில் மெலீதே. அந்த ஊர் ஆக்டோபஸுக்குப் பேர் போனது. எங்கள் பக்கம் பேய்க்கணவாய் என்போம். செப்புப் பானையில் வேகவைத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, மரத்தட்டில் பரப்பி, ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்கள். காரமே இல்லாத மிளகாய்த்தூள், அது ஒன்றுதான் குறை. வெட்டு வெட்டு என்று வெட்டிவிட்டு, முத்திரைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன். அட்டை இல்லை. வேனில் அனுப்பிய பையின் மேல் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

தின்றதெல்லாம் தொண்டைக்கே வந்தது போலிருந்தது. கையாலும் காலாலும் விஷயத்தைச் சொன்னேன். கடைக்கார அம்மா சிரித்தார். பில்லைத் திருப்பி அதன் பின்பக்கம் முத்திரையைக் குத்தி, தேதி எழுதி, ஒட்டுவது போல் விரலால் காட்டினார். சாயங்காலம் விடுதியில் பசை கேட்டு வாங்கி அதை அட்டையில் ஒட்டினேன். விடுதி முத்திரையோடு அன்றைக்கு இரண்டு. ஒட்டியது செல்லுமா என்ற கவலை மட்டும் கடைசி வரை கூடவே நடந்து வந்தது. அர்சுவாவுக்குப் பிறகு வரும் யூகலிப்டஸ் காடு அழகு என்கிறார்கள். எனக்கு மழையும் இந்தக் கவலையும்தான் ஞாபகம் இருக்கின்றன.

ஐந்தாம் நாள் மத்தியானம் பேராலயச் சதுக்கம். சிலர் அழுதார்கள், சிலர் ஷூவைக் கழற்றித் தரையில் படுத்துவிட்டார்கள். நான் நேராக யாத்திரிகர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் க்யூஆர் குறியீடு. போனில் பெயர், நாடு, தொடங்கிய ஊர், எதற்காக நடந்தோம் என்பதை நிரப்பினால் வரிசை எண் வரும். மத நோக்கமோ ஆன்மிக நோக்கமோ என்றால் கொம்போஸ்தெலா. மற்றவர்களுக்கு வேறொரு வரவேற்புச் சான்றிதழ். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அந்த ஆண்டு ஏறக்குறைய 5 லட்சம் பேர் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள், ஒரு மணி நேரம் பெரிதில்லை.

கவுன்ட்டரில் இருந்தவர் வயதான தன்னார்வலர். ஒட்டிய பில்லை நகத்தால் ஒருமுறை தட்டினார், என்னைப் பார்த்தார், எண்ணெய்க் கறையைப் பார்த்தார். "மெலீதே?" என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போனார். அவ்வளவுதான்!

சான்றிதழில் முதல் பெயரை லத்தீனில் எழுதுவார்கள். என்னுடையது தமிழ்ப் பெயர், லத்தீனில் ஈடு இல்லை, அப்படியே விட்டுவிட்டார். ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் என் அப்பாவின் பெயர் சந்தியாகு. தன்னார்வலர் எழுத்துக்கூட்டி வாசித்தார். நிறுத்தினார். "சந்தியாகோ?" என்றார். இங்கே அடக்கமாகியிருப்பதாக நம்பப்படும், இயேசுவின் சீடரான அதே யாகப்பர்தான், போர்த்துகீசியர் வழியே எங்கள் கடற்கரைக்கு வந்து சந்தியாகப்பர் ஆனவர் என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். எழுந்து நின்று கைகுலுக்கினார்.

சான்றிதழ் இலவசம். தூரத்தைக் குறிப்பிடும் இன்னொரு சான்றிதழ் மூன்று யூரோ. அதை வாங்கவில்லை, என் குதிகாலே சாட்சி.

பேராலயத்துக்குள் பெரிய பையை விடமாட்டார்கள், வெளியே காசு கட்டி வைக்க வேண்டும். உள்ளே போய், நிலவறையில் இருக்கும் வெள்ளிப் பேழையைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவருக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். அங்கே வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோவில் உண்டு, ஜூலை 25 திருவிழா. அவர் கேட்ட முதல் கேள்வி, "குதிரையில இருக்காரா?"

இருந்தார். பக்கத்துப் பீடம் ஒன்றில், வெள்ளைக் குதிரையில், வாளை ஓங்கியபடி. போனைத் திருப்பிக் காட்டினேன். "கீழ என்ன இவ்வளவு பூ?" என்றார். குதிரையின் காலடியில் வெட்டுண்டு கிடக்கும் முஸ்லிம் வீரர்களின் உருவங்கள் இருக்கின்றன, பார்க்கிறவர்கள் மனம் புண்படக் கூடாதென்று பூவால் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நம்ம ஊருல கொடியேத்தத்துக்கு பாய்மாருங்க வராம இருந்ததே இல்லையேடா" என்றார்.