2 டிஇவி தாண்டித் தனியாக நிற்கும் மியூவான் ஜோடி

சேர்ன் ஆய்வகத்தில் துகள் மோதல்களைப் பதிவுசெய்யும் சி.எம்.எஸ். கருவியின் ஓப்பன் டேட்டாவை எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எடுக்கும் மும்பையின் செம்பூர், மாட்டுங்காத் தம்பி தங்கைகளிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி: “மியூவான் ஜோடியோட நிறையைப் போட்டா, 2 டிஇவி தாண்டி ஒண்ணே ஒண்ணு தனியா நிக்குது. புதுத் துகளாண்ணா?”

மியூவான் என்பது எலெக்ட்ரானின் கனமான உறவுக்காரன்; டிஇவி ஆற்றலின் அலகு, 1000 ஜிஇவி. கனமான துகள் ஒன்று மியூவான் ஜோடியாக உடைந்தால், ஜோடியின் நிறை அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே புதுத் துகளாக இருக்கலாம். ஆனால் முதலில் அந்த மியூவானைப் பிடித்து விசாரிக்க வேண்டும்.

சி.எம்.எஸ். காந்தப்புலம் 3.8 டெஸ்லா, பாதையைப் பதிவுசெய்யும் டிராக்கரின் ஆரம் சுமார் 1.1 மீட்டர். 1 டிஇவி குறுக்கு உந்தமுள்ள மியூவானின் பாதை இதற்குள் வில்லாக வளைவது ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர்தான். அதில் 20 மைக்ரான் பிசகினால் உந்தம் 10 சதவீதத்துக்கு மேல் மாறிவிடும். இன்னொரு வில்லங்கமும் உண்டு: நாம் அளப்பது வளைவை, உந்தம் அதன் தலைகீழ். அதனால் பிழை இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை, மேல்பக்கம் நீள்கிறது. கீழே கூட்டம் அதிகம், மேலே ஆளே இல்லை. கீழிருந்து தப்பி ஏறும் ஒன்றிரண்டே அங்கே ‘கண்டுபிடிப்பு’ போலத் தெரியும்.

எனவே நானோஏஓடி என்ற சுருக்கத் தரவுக் கோப்பிலுள்ள சாதாரண உந்தத்தை அப்படியே எடுக்காதீர்கள். அதே கோப்பிலுள்ள டியூன்பி விகிதத்தால் (உயர் உந்த மியூவானுக்கான திருத்தம்) பெருக்குங்கள். இரும்பில் பொழிவு (துணைத் துகள்களின் கூட்டம்) கிளப்பிய மியூவானுக்கு அதுதான் ஓரளவு நம்பகமானது. பிறகு தேர்வு விதிகள்: உயர் உந்த மியூவானுக்கான அடையாளச் சோதனை, ம்யூ50 டிரிகர் (50 ஜிஇவி தாண்டிய மியூவான் உள்ள மோதலைப் பதிவுக்கு எடுக்கும் வடிகட்டி), இரண்டு மியூவானுக்கும் குறுக்கு உந்தம் 53 ஜிஇவிக்கு மேல், எதிரெதிர் மின்னூட்டம். இரண்டுக்கும் இடைக்கோணம் பை கழித்தல் 0.02 ரேடியனைத் தாண்டினால், அதாவது கிட்டத்தட்ட நேர் எதிராக இருந்தால், தள்ளிவிடுங்கள்: வானத்திலிருந்து வந்த ஒரே மியூவான் குறுக்கே போய் ஜோடியாக வேஷம் போடும். சான்றளித்த ரன் பட்டியலை (கருவி சரியாக இயங்கிய ஓட்டங்களின் பட்டியல்) மறந்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்களும் உண்டு.

பிறகு எலெக்ட்ரான் ஜோடியைப் பாருங்கள். அங்கே ஆற்றல் ஏற ஏறத் துல்லியம் கூடும், பிழை ஒன்றிரண்டு சதவீதம்தான். மியூவானில் தலைகீழ். (எலெக்ட்ரானும் உத்தமமில்லை. கருவியின் நடுப்பகுதியில், ஆற்றலை அளக்கும் ஒரே படிகத்தில் 1.7 டிஇவி அளவு விழுந்தால் அதைப் படிக்கும் மின்னணுச் சுற்று நிரம்பிவிடும்.) இரண்டும் வெவ்வேறு விதமாகத் தப்பு செய்வதே நமக்கு லாபம். மியூவானில் அளவீட்டின் அகலத்தைவிட ஒல்லியான மேடு தெரிந்தால் அது துகள் இல்லை, புள்ளியியல் விளையாட்டு.

ஜெட் (ஒரே திசையில் பாயும் துகள் கொத்து) ஜோடியில் தேடுவது வேறு தலைவலி. பொழிவு காந்தச் சுருளான சோலினாய்டைத் தாண்டிக் கசிகிறது. அதைப் பிடிக்கும் வெளி ஹாட்ரான் கலோரிமீட்டர் (ஆற்றல்மானி) நம் கொலாபா டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) கைவேலை.

மியூவான் ஜோடிகளின் எண்ணிக்கையை, 60–120 ஜிஇவியில் தெரியும் இசட் துகளின் சிகரத்தோடு விகிதமாக எழுதுங்கள். ஒளிர்வளவின் (எத்தனை மோதல் நடந்தது என்ற அளவின்) பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மேடு எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள். 2015 டிசம்பரில் இரண்டு ஃபோட்டான்களில் 750 ஜிஇவியில் சேர்னின் இன்னொரு கருவியான அட்லஸும் சி.எம்.எஸ்ஸும் பார்த்த மேடு, 2016 ஆகஸ்ட்டில் கூடுதல் தரவில் கரைந்துபோனது.

3 டிஇவிக்கு மேல் பின்னணி கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே ஒன்றும் வரவில்லையென்றால் 95 சதவீத உறுதியில் 3 நிகழ்வு என்பதே மேல்வரம்பு. 2016இன் திறந்த தரவு சுமார் 16 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் (தரவின் அளவுக்கான அலகு), திறன் (உண்மை நிகழ்வில் நாம் பிடிக்கும் பங்கு) 0.7 என்று வைத்தால் பெருக்கல் 11.2; 3ஐ அதனால் வகுக்க 0.27 ஃபெம்டோபார்ன். புதுத் துகள் உருவாகும் வாய்ப்புக்கு அதுவே மேல்வரம்பு. 2016–2018 முழுத் தரவில், எலெக்ட்ரானையும் சேர்த்து, சி.எம்.எஸ். வழக்கமான இசட்-பிரைம் (இசட்டின் கனமான நகலாகக் கருதப்படும் துகள்) மாதிரியை 5 டிஇவிக்குச் சற்று மேல் வரை விலக்கியிருக்கிறது.