நாலு பூத், ரெண்டு ஓட்டு

பிப்ரவரி 19, 2022, சனி இரவு

ஓட்டுப்பதிவு முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி எட்டரை. நங்கை, அதாவது அண்ணனின் மனைவி, எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கிறார். ஊர் பெயரையும் வார்டு எண்ணையும் இங்கே எழுதப் போவதில்லை. சின்ன நகராட்சி. எதிரே நிற்பவரும் ஒரு வகையில் சொந்தம்தான்.

எனக்கு இரண்டாம் பூத்தில் நங்கையின் ஏஜென்ட் வேலை, பெண்கள் பூத். ஆறு மணிக்கே போய்விட்டேன். மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அதை அழித்து, மெஷின் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஏழு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. எங்கள் பூத்துக்கு யாரும் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தலைமை அலுவலர், ஓட்டைப் பதிந்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் ‘குளோஸ்’ பட்டனை அழுத்தினார். அதற்கப்புறம் அதில் ஒரு ஓட்டுகூட ஏறாது. சீல் வைத்து, பதிவான வாக்குகளின் கணக்கை எழுதி, ஏஜென்டுகளுக்கு ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தார். மெஷின் எண், சீல் எண், மொத்தம் 431. ஆடிட்டர் ஆபீசில் தினமும் தாளோடு தாளை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை என்னுடையது. இதையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் நாலு பூத் தாளையும் கேட்டேன். மூன்றுதான் வந்தது. மூன்றாம் பூத்தில் இருந்த சித்தப்பா பையன் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டானாம். “அக்கா, எல்லாம் மெசின்லதான் இருக்குதே, எங்க போயிரப் போகுது” என்கிறான். கோபத்தில் கத்திவிட்டேன். பாவம், காலையிலிருந்து பட்டினியாக இருந்திருக்கிறான்.

ஆனால் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டதும் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரியும். ஒரு தொகுதிக்கு ஐந்து பூத் சீட்டுகளை எண்ணி மெஷினோடு ஒத்துப் பார்ப்பார்கள். இந்த உள்ளாட்சித் தேர்தலில் அந்தச் சீட்டு இல்லை. சாயங்காலம் பூத்தில் கொடுக்கிற அந்த ஒரு தாள்தான் நம் கையில் இருக்கிற சாட்சி.

பிப்ரவரி 20, ஞாயிறு

கறிச்சோறு. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். முந்நூறு வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்றார் மாமா. நங்கை வாயே திறக்கவில்லை.

அப்பா மட்டும் 1996ஐப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். பெரும்பாலும் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று காட்டுவதற்காகவே மனு போட்டவர்கள். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாக அச்சாகி வந்தது. ஓட்டுப்பதிவையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அதற்கப்புறம்தான் நாடு முழுக்க டெபாசிட் தொகையை ஏற்றினார்கள். அப்பா அப்போது ஈரோடு பக்கம் வாத்தியார். “பேர் எங்க இருக்குதுன்னு தேடறதுக்கே சனத்துக்கு நேரம் பத்தல கண்ணு” என்றார். அதே மொடக்குறிச்சியில் போன வருஷம் 281 ஓட்டில் முடிவானது. முந்நூறை அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடாது என்று மாமாவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 21, திங்கள்

நாளை ஓட்டு எண்ணும் இடத்துக்குப் பாஸ் வந்துவிட்டது. செல்போன் உள்ளே விடமாட்டார்கள். பென்சிலும் வெள்ளைத்தாளும் போதும். ஐந்து வேட்பாளர், நாலு பூத், தபால் ஓட்டு என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மெஷின்களைப் பூட்டி வைத்திருக்கிற காப்பறை உள்ள கல்லூரிக்கு வெளியே எங்கள் ஆட்கள் முறை வைத்துப் படுத்திருக்கிறார்கள். மூன்றாம் பூத் கட்டத்தில் மொத்தம் என்ற இடம் மட்டும் காலி.

பிப்ரவரி 22, செவ்வாய்

மணி பதினொன்று. தூக்கம் வரவில்லை. நடந்தது நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

எட்டு மணிக்குத் தபால் ஓட்டு. எங்கள் வார்டுக்குப் பதினொரு கவர். போட்டவர்கள் எல்லாம் தேர்தல் பணிக்குப் போன அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள். வெளிக் கவருக்குள் உறுதிமொழிப் படிவமும், ஒட்டிய உள் கவரும் இருக்கும். வாக்குச்சீட்டு அந்த உள் கவரில். படிவத்தில் கையெழுத்து இல்லையென்றால் உள் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். அப்படி இரண்டு போயிற்று. இன்னொன்றில் இரண்டு பேருக்குக் குறி. ஆக மூன்று செல்லாதவை. மீதி எட்டில் நங்கைக்கு 3, எதிராளிக்கு 4, மற்றவர்களுக்கு 1. ஊருக்கே ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுக்கிறவர்களின் ஓட்டு ஒரு கையெழுத்தில் வீணாகிறதே என்று அப்போதே மனசு கனத்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

எங்கள் வார்டு முறை வர மணி பத்தரை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மேஜை. முதல் பூத், ஆண்கள். மெஷின் எண்ணைக் காட்டினார்கள், சீல் எண்ணைப் படித்தார்கள், என் தாளில் இருந்ததோடு சரி. ‘ரிசல்ட்’ பட்டனை அழுத்தினால் முதலில் மொத்தம், அப்புறம் ஒவ்வொருவராக. மொத்தம் 402. நங்கை 171, எதிராளி 158. தபாலையும் சேர்த்துப் பன்னிரண்டு முன்னே. இரண்டாம் பூத், நான் உட்கார்ந்திருந்தது, 431. நங்கை 166, எதிராளி 187. எல்லாம் சேர்த்து ஒன்பது பின்னே.

எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது இப்படிப் பட்டவர்த்தனமாகத் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. நானூறு ஓட்டு பூத்தில் யார் மாறிவிட்டார்கள் என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். நாளைக்குத் தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் என்பதில்கூட அது வந்து நிற்கும். பல மெஷின்களை இணைத்துக் கூட்டுத்தொகை மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

மூன்றாம் பூத் மெஷினில் திரை எரியவில்லை.

ஹாலில் ஒரே சத்தம். மெஷினை ஓரமாக வைத்துவிட்டு நான்காம் பூத்தை எடுத்தார்கள். 417. நங்கை 192, எதிராளி 171. இதுவரை 532க்கு 520. மறுபடி பன்னிரண்டு முன்னே. வெளியே யாரோ பட்டாசைப் பிரித்துவிட்டார்களாம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. எல்லாம் அந்த எரியாத மெஷினுக்குள் இருக்கிறது, அதன் தாள் என்னிடம் இல்லை.

பக்கத்தில் எதிராளியின் ஏஜென்ட். என்னோடு பத்தாவது வரை படித்தவள், இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். காலையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. என் கட்டத்தில் காலி இடத்தைப் பார்த்திருப்பாள் போல. தன் ஃபைலிலிருந்து மூன்றாம் பூத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். “எழுதிக்கோ” என்றாள். மெஷின் எண், சீல் எண், மொத்தம் 388. எழுதிக்கொண்டேன். இருவருமாகச் சேர்ந்து அலுவலரை அழைத்து, மெஷின் எண்ணையும் சீலையும் மறுபடி படிக்கச் சொன்னோம். சரியாக இருந்தது. பொறியாளர் வந்து பேட்டரியை மாற்றினார். பேட்டரி போனாலும் பதிவான ஓட்டு அழியாது என்று எங்கள் எல்லோருக்கும் நிதானமாகச் சொன்னார். திரை எரிந்தது. மொத்தம் 388.

நங்கை 149. எதிராளி 163.

கூட்டினேன். 681, 683. மற்ற மூவருக்கும் சேர்த்து 282. மொத்தம் 1,646. பூத் நாலும் 1,638, தபால் 8. கணக்கில் பிசகு இல்லை. இரண்டு ஓட்டு.

முடிவை அறிவிப்பதற்கு முன்னால் கேட்டால்தான் மறு எண்ணிக்கை. அறிவித்துவிட்டால் அப்புறம் கோர்ட்தான். “எழுத்துல கொடுங்கம்மா” என்றார் தேர்தல் நடத்தும் அலுவலர். வெள்ளைத்தாளில் எழுதினேன்: வித்தியாசம் இரண்டு, செல்லாத தபால் ஓட்டு மூன்று, ஆகவே அவற்றையும் நாலு மெஷினையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்டார், காரணத்தையும் எழுதினார். மெஷின்கள் அதே எண்களைக் காட்டின. அப்புறம் அந்த மூன்று கவர். “நீங்களே பாருங்க” என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டிலும்.

பிரிக்காத உள் கவர் இரண்டு, வித்தியாசமும் இரண்டு. அந்த இரண்டும் நங்கைக்கு விழுந்த ஓட்டாகவே இருந்திருந்தால் சமம். சமமானால் குலுக்கல், சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்த மாதிரி. மும்பை மாநகராட்சியில் 2017இல் ஒரு வார்டு அப்படித்தான் தீர்ந்தது. ஆனால் அந்தக் கவருக்குள் யார் பெயர் என்று இனி ஒருவருக்கும் தெரியாது. கட்டி, அரக்கு வைத்துவிட்டார்கள்.

அறிவித்தார்கள். எதிராளிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளில் போட்டேன்.

பிப்ரவரி 23, புதன்

மாமா காலையிலேயே வந்துவிட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், திரை எரியாத மெஷின்தான் காரணம் என்கிறார். தாளை விரித்து வைத்தேன். “மாமா, அந்த எண்ணுங்க எல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே எழுதினது. மெசின் எண்ணு சரி, சீலு சரி, மொத்தம் சரி. எதை வெச்சுக் கேஸ் போடறது?” அவர் சமாதானமாகவில்லை.

நங்கை அடுப்படியில் இருந்தபடியே சொன்னார்: “கேஸெல்லாம் வேண்டாமுங்க. அம்மணி எண்ணிப் பாத்துட்டா, அது போதும்.” சொல்லிவிட்டு அழுதார். நானும்தான். ஒரு மாதமாக வீடு வீடாக நடந்து அவர் கால் வீங்கியிருக்கிறது.

சித்தப்பா பையன் வாசலிலேயே நின்றிருந்தான். தாள் இருந்திருந்தாலும் முடிவு இதேதான், அவன் போனதால் ஒரு ஓட்டும் குறையவில்லை என்று அவனிடம் தெளிவாகச் சொன்னேன். ஆனால் அந்தத் தாள் எதிராளி கையிலும் இல்லாமல் போயிருந்தால், திரையில் வந்த 388ஐ நான் நம்பியிருப்பேனா? மாமா சொல்வதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அமுச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, வயது எண்பதுக்கு மேல். மத்தியானம் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “என்ற ஓட்டு எதுல இருக்குது கண்ணு?” இரண்டாம் பூத்தில் 166 என்று எழுதிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். இதுக்குள்ள என்றேன். கொஞ்ச நேரம் விரலை அதன் மேலேயே வைத்திருந்தார்.

மார்ச் 2, புதன்

இன்று கவுன்சிலர்கள் பதவியேற்பு. நாளை மறுநாள் தலைவர் தேர்தல், அது கவுன்சிலர்கள் தங்களுக்குள் நடத்துவது.

தையல் கடைக்குப் போயிருந்தேன். அவள் தாளை நான் எழுதிக்கொண்டதற்கு அன்று நன்றி சொல்லவே இல்லை. சொன்னேன். “உன்ற கிட்ட ரெண்டாவது பூத் இருந்துச்சே, எங்காளு அதை வாங்காம வந்துட்டான். உன்றதைப் பாத்துத்தான் நானும் எழுதினேன்” என்றாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் ஜெயித்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நங்கை காபி கொடுத்தார். ஓட்டுக் கேட்டுப் போனபோது வீட்டுக்கு வீடு சொன்ன குறைகளை எழுதி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து, முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்ட ஆரம்பித்தார். மேலத் தெரு சாக்கடை, கிணற்றடிச் சந்தில் எரியாத விளக்கு. ஆறு மணிக்கு வந்தவர் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்.