அதே கேள்வி, மறுபடியும்

மன அமைதியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் எப்படியோ அதிகாலையில் எழுந்துவிடுகிறார்கள். வீடு உறங்கிக்கொண்டிருக்கும். ஜன்னலோரம் ஒரு பாய் விரித்திருக்கும். அரை மணி நேரத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் படிக்கும்போது இவர்கள் வீட்டில் முடியாதவர்கள் யாருமே இல்லையா என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். என் வீட்டில் அதிகாலை என்றால் அம்மா விழித்துக்கொள்ளும் நேரம்.

அம்மாவுக்கு அல்சைமர். பெரும்பாலான நாட்களில் என்னை அடையாளம் தெரியும். சில நாட்களில் நான் அவருடைய தங்கை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சிரிப்பு வரைக்கும் நினைவிருக்கிறது, சற்றுமுன் பேசியது இல்லை. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் புதிய நினைவுகள் உருவாக உதவுகிறது. இந்த நோய் ஆரம்பத்திலேயே கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் பழையவை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கின்றன, புதியவை தங்குவதில்லை. நான் சொல்லும் பதிலுக்குப் போய் உட்கார அங்கே இடமே இல்லை. கொஞ்ச நேரத்தில் கேள்வி மறுபடி வந்துவிடும்.

"அப்பா வந்தாச்சா?"

அப்பா இறந்து பல வருஷங்கள் ஆகின்றன.

நான் வீட்டிலிருந்தபடி ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிறவள். நேர்காணல், கூட்டம், சொற்பொழிவு என்று எது வந்தாலும் காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒரு பெடல். ஒரு வார்த்தை பிடிபடவில்லை என்றால் பெடலை அழுத்திக் கொஞ்சம் பின்னால் போய்க் கேட்பேன். மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போன ஒரே ஒரு சொல்லுக்காக அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன். பேசுகிறவர் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் காது புதிதாகவே போய் நிற்கும்.

ஒரு மதியம் ஹெட்ஃபோனைக் கழற்றியதும் அம்மாவின் கேள்வி வந்தது. தோள்பட்டை தானாக இறுகியது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு இடத்திலும் கேட்பது இதே காதுதான், கேட்பதும் சொன்னதையேதான். அங்கே சலிக்காத காது இங்கே ஏன் சலிக்கிறது?

வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இதை யோசித்தேன். ஒலிப்பதிவு கேட்கும்போது நான் எதையும் சேர்ப்பதில்லை. அதில் இருப்பதைக் கேட்கிறேன், அவ்வளவுதான். அம்மா கேட்கும்போது நான் நிறையச் சேர்க்கிறேன். 'இப்பத்தானே சொன்னேன்' என்பது முதலில் வரும். பின்னாலேயே 'இன்னும் எத்தனை தடவை' வரும். அதற்கும் பின்னால், சத்தமே இல்லாமல், 'நாளைக்கு இதைவிட மோசமாகுமோ' வரும். அம்மாவின் கேள்விக்கு ஒரு விநாடிதான் ஆகிறது. மிச்சமெல்லாம் என் கைங்கரியம்.

சரி, ஒலிப்பதிவைக் கேட்பது போலவே அம்மாவையும் கேட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். தத்துவமெல்லாம் இல்லை, தொழில் பழக்கம். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இழுக்கிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று கவனித்தேன். அது ஒரே கேள்வி இல்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. காலையில் கேட்கும்போது அது வெறும் விசாரிப்பு, வாசலைப் பார்த்துவிட்டு யாரும் கேட்பது. மதியம் சில சமயம் லேசான வெட்கம் இருக்கும், கல்யாணமான புதிதில் கேட்டிருப்பார் போல. சாயங்காலம் அதில் பயம் இருக்கும். மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. அந்த நேரத்து 'அப்பா வந்தாச்சா'வுக்கு, நான் தனியாக இருக்கிறேனா என்று அர்த்தம்.

கேட்கப்படுவது வேறு வேறு என்றால் சொல்லும் பதிலும் மாற வேண்டும் அல்லவா? காலையில் "இன்னும் காணோம்மா" போதும். மதியம் "அப்பாவுக்கு எந்தக் கலர் சட்டை பிடிக்கும்?" என்று திருப்பிக் கேட்டால் அம்மா பேச ஆரம்பித்துவிடுவார். சாயங்காலம் வார்த்தை உதவாது, பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா இல்லை என்ற உண்மையைச் சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். சொன்னால் அந்தச் செய்தியை அவர் அப்போதுதான் முதல்முறை கேட்கிறார். அந்த அழுகையும் முதல்முறை அழுகையாகவே இருக்கும். அதை ஒருவருக்குத் தினமும் கொடுக்கும் அளவுக்கு வாய்மையின் மேல் எனக்குப் பற்று கிடையாது.

2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 சதவீத நேரம் மனம் செய்கிற காரியத்தில் இல்லை. மனம் வேறெங்கோ போயிருந்தபோது மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. இனிமையான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, கையிலிருக்கும் வேலையில் மனம் வைத்திருந்தவர்களைவிட அதிகச் சந்தோஷமாக இல்லை. என்ன வேலை செய்கிறோம் என்பதைவிட மனம் எங்கே இருக்கிறது என்பதுதான் அதிகம் தீர்மானித்தது. எண்களைப் பார்த்து எதையும் நம்பிவிடும் ஆள் இல்லை நான். ஆனாலும் இது ஆறுதலாக இருந்தது. அமைதிக்காக வீட்டைவிட்டு எங்கேயும் போக வேண்டாம் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தது.

என்னை இன்னும் அதிகமாக அசைத்தது வேறோர் ஆய்வு. அதே 2010இல், அமெரிக்காவின் அயோவாவில் ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டு நினைவு தங்காமல் போன நோயாளிகள் சிலருக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் காட்சிகள் மறந்துவிட்டன, சோகம் மட்டும் போகவில்லை. எதற்காக மனம் கனக்கிறது என்று தெரியாமலே கனத்துக்கொண்டிருந்தார்கள். மகிழ்ச்சியான காட்சிகளைப் பார்த்தபோதும் அப்படித்தான், நினைவு போன பிறகும் மகிழ்ச்சி கொஞ்சம் தங்கியது. 2014இல் அல்சைமர் நோயாளிகளிடமும் இதையே கண்டார்கள்.

நான் சொல்கிற பதில் அம்மாவிடம் நிற்கப்போவதில்லை, சொன்ன விதம் நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அமைதியாக நடிப்பதில் பிரயோஜனமே இல்லாமல் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இனிமையாகப் பேசினால் அம்மாவின் முகத்தில் ஒரு நிழல் விழும். வார்த்தையை நம்பியிருப்பவர்களை வார்த்தையால் ஏமாற்றலாம். அம்மா வார்த்தையை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டவர்.

அதனால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுவேன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. வெளிமூச்சை நீட்டினால் அந்த மெதுவான பகுதி நீள்கிறது. தோள் இறங்கும், குரலும் கூடவே இறங்கும். பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத நாட்களில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

இதில் ஆன்மிகம் எங்கே வந்தது என்று கேட்கலாம். தேடிப் போனதில்லை, ஒரு நாள் ஜபமாலையைப் பார்த்தபோது வந்தது. இந்து ஜபமாலையில் 108 மணி. முஸ்லிம்களின் தஸ்பீஹ் மாலையில் 99 அல்லது 33. கத்தோலிக்கர்களுக்கும் பௌத்தர்களுக்கும் தனித்தனி மாலை இருக்கிறது. இத்தனை மதங்களும், ஒன்றையொன்று கேட்காமலேயோ கேட்டோ, சொன்னதையே திரும்பச் சொல்வதை ஒரு பாதையாக வைத்திருக்கின்றன. எனக்கு அதை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உருட்டித் தருகிறார்.

அப்புறம், இப்படிச் சத்தத்துக்கு நடுவில் இருந்தவர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில், கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். போர்வீரராக இருந்து காலில் அடிபட்டவர். மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையலறை வேலை. பல வருஷம் அங்கேயே இருந்தார், பிற்பாடு செருப்பு தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பிரார்த்தனை நேரம், வேலை நேரம் என்ற பிரிவே தனக்கு இல்லை என்றவர். 1691இல் இறந்த பிறகுதான் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் அச்சாயின. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதாம். ஆன்மிகக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும்.

இன்னொருவர் ஒரு முதியவர். ஜப்பானியத் துறவி டோகென் 1223இல் சீனாவுக்குப் போனார். அங்கே தியான்தோங் மலை மடத்தில், உச்சி வெயிலில் தலையில் ஒன்றும் போடாமல், 68 வயது சமையற்காரத் துறவி ஒருவர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். வேறு யாரையாவது செய்யச் சொல்லக்கூடாதா என்று டோகென் கேட்டார். வேறு யாரும் நானில்லையே என்றார் அவர். சரி, இந்த வெயிலிலா என்றதற்கு, வேறு எப்போது செய்வது என்று திருப்பிக் கேட்டார். டோகெனுக்குப் பேச்சு எழவில்லை. ஞானம் தேடிக் கடல் தாண்டிப் போனவருக்கு அது அடுக்களை ஆளிடம் கிடைத்தது. பிற்பாடு 1237இல் மடத்துச் சமையற்காரர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். முதல் பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்ளக்கூடாதா என்று என்னையும் கேட்கிறார்கள்.

பூசலார் கதை நமக்குத் தெரிந்ததுதான். கோயில் கட்டக் காசில்லை, அதனால் மனதுக்குள்ளேயே கட்டினார், காஞ்சியில் கற்கோயில் கட்டிய அரசனின் கனவில் இறைவன் போய்க் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொன்னார். சின்ன வயதில் கேட்டபோது அரசன் திகைத்து நிற்கும் இடம்தான் பிடிக்கும். இப்போது கண்ணில் படுவது வேறு. மனதுக்குள் கட்டுவதென்றால் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடலாமே! அவர் அப்படிச் செய்யவில்லை. நல்ல நாள் பார்த்தார், அடியிலிருந்து எழுப்பினார், சுதை வேலை செய்தார், கிணறு வெட்டினார், மதில் கட்டினார், குளமும் தோண்டினார் என்று சேக்கிழார் வரிசையாகச் சொல்கிறார். யாரும் பார்க்காத கோயிலில் மதில் எதற்கு? எந்த வேலையையும் அவர் தாண்டிப் போகவில்லை என்பதுதான் எனக்கு அந்தக் கதையே.

அம்மா கேட்பதற்கு நான் பதில் சொல்வதையும் யாரும் பார்ப்பதில்லை. கேட்டவருக்கே நினைவிருக்காது. முதலில் அது வெறுமையாகத்தான் இருந்தது. இப்போது அதில் ஒரு வசதி தெரிகிறது. நல்ல மகள் என்று பெயர் வாங்க வழியே இல்லை என்பதால், அந்த நேரத்தில் பேர் வாங்கும் ஆசை ஒழிந்த ஒரு ஆளாக இருக்கிறேன். வேறு எங்கேயும் நான் அப்படி இல்லை.

போன மாதம் அம்மா வழக்கம்போல் "வந்தாச்சா?" என்றார். 'அப்பா' என்ற சொல் அன்று வரவில்லை.

"யாரும்மா?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் சுருங்கியது, விரிந்தது. "தெரியல. யாரா இருந்தா என்ன, வரட்டும்."

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட எந்தச் சொற்பொழிவிலும் இதைவிடப் பெரிய வாக்கியம் என் ஹெட்ஃபோனுக்குள் வந்ததில்லை. தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் "பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதே தவம்" என்று கிளம்பிவிட வேண்டாம். அப்படிச் சொல்கிறவர்களில் பலர் ஒரு ராத்திரிகூட அப்படிக் கண்விழித்தவர்கள் இல்லை என்பது என் அனுபவம். களைத்துப்போன உடம்பில் எந்த மூச்சுப் பயிற்சியும் நிற்காது. பூசலாருக்கும்கூட ராத்திரியில் அடிக்கடி எழுந்திருக்க வேண்டிய வேலை இருந்திருக்காது. இதே நிலையில் இருக்கும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் மாற்று ஆள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள் என்பேன், தியானத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். எனக்குத் தம்பி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அம்மாவோடு இருப்பான். அவனிடமும் அதே கேள்விதான், அவனுக்கென்று அவன் ஒரு பதில் வைத்திருக்கிறான், நான் கேட்டுக்கொள்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மதியம் வரைக்கும் தூங்கிவிடுவேன்.