கரி நீறு பூக்கட்டும், பிறகு கறி

டிசம்பர் 31 ராத்திரி நம் ஊர் மொட்டை மாடிகளில் வழக்கமாக நடப்பது இதுதான். இரண்டு கிலோ சிக்கன் லெக் பீஸ் காலையிலிருந்து மசாலாவில் ஊறுகிறது. ஆட்கள் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் கரியைப் பற்றவைக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் தீ கொழுந்துவிட்டு எரிகிறது. "பத்திக்கிச்சு, வைங்கப்பா" என்று கறியை அடுக்குகிறார்கள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் மேலே கருகல், எலும்போரம் ரத்தம், மிளகாய் நெடியில் பக்கத்து வீட்டுக்காரர் இருமும் சத்தம். ஒன்பதரை மணிக்குப் பாத்திரத்தோடு கீழே இறங்கி எல்லாவற்றையும் குக்கரில் போடுகிறார்கள்.

மசாலாவிலோ கறிக்கடையிலோ குற்றமில்லை. தணல் ஆவதற்கு முன்பே தீயில் வைத்ததுதான் தவறு. கரியில் சுடுவது கொழுந்தில் சுடுவது அல்ல. கொழுந்து அடங்கி, கரியின் மேல் மெல்லிய சாம்பல் படிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று கனியும்போதுதான் வெப்பம் சீராக வரும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான். இஸ்திரி வண்டிக்காரர் புகையும் கரியைப் பெட்டிக்குள் போடமாட்டார். மெரினாவில் சோளம் சுடுகிற அம்மா விசிறியால் சாம்பலைத் தட்டிவிட்டுத் தணலைப் பார்த்த பிறகுதான் கதிரை வைப்பார். அவர்களிடம் இருக்கும் பொறுமை மொட்டை மாடியில் இருந்தால் பாதி விபத்து நடக்காது.

முதலில் கரி. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் உள்ளே புகைய விட்டு எடுப்பார்கள். மூட்டம் போடுவது என்று பெயர். நன்றாக வெந்த கரியை இரண்டு துண்டு எடுத்துத் தட்டினால் 'கிண்' என்று உலோகம்போலச் சத்தம் வரும், உடைத்தால் உள்ளே பளபளக்கும். 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால், பழுப்பு நிறம் தெரிந்தால், அது இன்னும் பாதி விறகு. அதுதான் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகையைக் கிளப்பி, கறியில் கசப்பு ஏற்றும். ஈரம் ஏறிய கரி இன்னொரு தொல்லை. உள்ளே நீர் ஆவியாகி வெடித்து, 'பட் பட்' என்று பொறி தெறிக்கும். வாங்கிய மூட்டையை ஒரு பகல் வெயிலில் காயவைத்தாலே இது பெருமளவு அடங்கும்.

கொட்டாங்குச்சிக் கரி புகை குறைவு, சூடு அதிகம். ஆனால் ஓடு மெல்லியது, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதையே பொடித்து மரவள்ளி மாவு சேர்த்து அழுத்திய கட்டிகள் பற்ற நேரமெடுக்கும். பற்றினால் ஒரு மணி நேரம் நின்று எரியும். இரண்டு கிலோ லெக் பீஸுக்கு மூன்று கிலோ கரி கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்ட வேண்டாம்.

பற்றவைப்பதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள், தீ அடங்கினாற்போல் தெரியும், "அணைஞ்சு போச்சு" என்று மறுபடி பாட்டிலைச் சாய்ப்பார்கள். கரி அணைந்திருக்காது, கொழுந்து மட்டும்தான் போயிருக்கும். சூட்டில் எண்ணெய் உடனே ஆவியாகி, குப்பென்று பற்றி, ஊற்றும் தாரை வழியாகவே பாட்டில் வரை ஏறும். புருவம் மட்டும் பொசுங்கினால் அது அதிர்ஷ்டம். பெட்ரோலை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கற்பூரம் ஆபத்து குறைவுதான், ஆனால் அதன் வாசம் கறியில் ஏறினால் கோயில் பிரசாதம் போல மணக்கும்.

இதற்கெல்லாம் மாற்று, சிம்னி. இரண்டு பக்கமும் திறந்த ஓர் இரும்பு உருளை, உள்ளே அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு கம்பித் தட்டு, பக்கத்தில் கைப்பிடி, அவ்வளவுதான். மேலே கரியை நிரப்பி, கீழே இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி, நாலு சொட்டு சமையல் எண்ணெய் விட்டுக் கொளுத்த வேண்டும். சூடான காற்று மேலே போக, அடியிலிருந்து புதுக்காற்று தானாக ஏறும். விசிறவே வேண்டியதில்லை. மரக்கரி பதினைந்து நிமிஷம், அழுத்திய கட்டி இருபத்தைந்து நிமிஷம். மேல் கரியின் ஓரம் சாம்பல் பூத்ததும் கொட்டலாம். ஏழரைக்குச் சாப்பாடு என்றால் ஆறேகாலுக்குப் பற்றவைத்துவிடுங்கள். ஹேர் டிரையர் கொண்டு ஊதுவது வேகமானதுதான். ஆனால் சாம்பல் முழுக்கக் கறி மேல் வந்து உட்காரும்.

தரையைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. குட்டைக் கால் கிரில்லை நேராகத் தளத்தில் வைத்தால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, மேற்பரப்பு சில்லு சில்லாகத் தெறிக்கும். மாடியில் ஒழுகல் தடுக்கும் பூச்சு அடித்திருந்தால் அது கொப்பளித்துக்கொண்டு எழும்; விளைவு அடுத்த ஐப்பசி மழையில் கூரையில் தெரியும். இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, மேலே ஒரு தகரத் தட்டில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் கிரில்லை வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, பி.வி.சி. குழாய், துணிக்கொடி எல்லாவற்றிலிருந்தும் பத்தடி தள்ளி. பாலியஸ்டர் சட்டை, தொங்கும் துப்பட்டா வேண்டாம், பருத்தி போதும்.

இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் விற்கும் ஜி.ஐ. கம்பி வலையை வெட்டிப் போட்டுச் சுடும் பழக்கம். அது துத்தநாகம் பூசியது. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும். தணல் அதைவிட மிகவும் சூடு. அந்தத் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பி, சுவாசித்தால் காய்ச்சல், குளிர் நடுக்கம் வரை கொண்டுபோகும். எவர்சில்வர் கம்பித் தட்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது இந்த விஷயத்தில் நியாயமான செலவு.

தணலைப் பரப்பும்போது தட்டு முழுக்கச் சமமாகப் பரப்பக் கூடாது. ஒரு பாதியில் இரண்டு அடுக்குக் கனல், மறு பாதி காலி. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்ற எல்லாம் சுலபம். சூட்டை உள்ளங்கையால் அளக்கலாம்: கம்பிக்கு மேல் அரைச் சாண் உயரத்தில் கையைக் காட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கை தானாக விலகினால் கடுஞ்சூடு, ஐந்தாறு வரை தாங்கினால் நடுத்தரம், எட்டுக்கு மேல் என்றால் இளஞ்சூடு.

லெக் பீஸை முதலில் காலிப் பக்கத்தில் வைத்து மூடிபோட வேண்டும். எலும்பு வரை இரண்டு கீறல் போட்டிருந்தால் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து நிமிஷத்தில் உள்ளே வெந்துவிடும். கடைசி மூன்று நான்கு நிமிஷம் மட்டும் தணலுக்கு மேலே, புரட்டிப் புரட்டி. முதலிலேயே தணலுக்கு மேல் வைப்பதால்தான் வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக வருகிறது. வெந்ததா என்று நிறத்தை நம்ப முடியாது. இளம் பிராய்லர் கோழியின் எலும்புக்குள்ளிருந்து சிவப்பு கசியும், முழுக்க வெந்த பிறகும். ஊசித் தெர்மாமீட்டரைச் சதையின் கனமான இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். 74 டிகிரி பாதுகாப்பான எல்லை. தொடைப் பகுதி 80 தாண்டினால் இன்னும் மிருதுவாகும். மொட்டை மாடியில் பெரும்பாலும் இருட்டு வேறு. செல்போன் வெளிச்சத்தில் கறியின் நிறம் பார்ப்பது ஏமாற்று வேலை. ஒரு பல்பை இழுத்துக் கட்டிவிடுங்கள்.

மசாலாவும் அடுப்புக்கு ஏற்றபடி மாற வேண்டும். ஒரு கிலோ கறிக்கு 15 கிராம் உப்பு, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் 100 கிராம், இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, ஓர் எலுமிச்சை, எண்ணெய் ஒரே ஒரு மேசைக்கரண்டி. தயிர் தண்ணியாக இருந்தால் சொட்டிச் சொட்டித் தணல் அணையும், கறி தண்ணீரில் வேகவைத்ததுபோல வெளுத்துப் போகும். கனமாக அப்பியிருக்கும் மசாலாவை வைக்கும் முன் விரலால் வழித்துவிட வேண்டும். தணலில் விழும் மிளகாய்த்தூள்தான் தெருவையே இரும வைக்கும் அந்த நெடி. தேன், சர்க்கரை, சாஸ் எதுவானாலும் கடைசி மூன்று நிமிஷத்தில் தடவுங்கள். முன்னாலேயே தடவினால் கறி வேகும் முன்பே கருகிவிடும். பச்சைக் கறி இருந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைக்கும் தவறு கூட்டத்தில் சுலபமாக நடக்கும். இரண்டு தட்டு, இரண்டு இடுக்கி.

கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள். கொதிக்கும் கொழுப்பு தெறிக்கும், சாம்பல் கறி மேல் பறக்கும். கறியைக் காலிப் பக்கம் நகர்த்தி மூடியைப் போட்டால் காற்று இல்லாமல் தீ தானாக அடங்கும். மூடி என்பதன் அருமையே இதுதான். 1952-இல் சிகாகோவில், கடல் மிதவைகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், ஒரு மிதவையை இரண்டாக வெட்டி, கால் வைத்து, மேல் பாதியை மூடியாக்கினார். இன்று உலகமெங்கும் விற்கும் உருண்டை கிரில் அதிலிருந்து வந்தது. அடியிலும் மேலேயும் இருக்கும் காற்றுத் துளைகள்தான் அதன் திருகு. திறந்தால் சூடு ஏறும், குறைத்தால் இறங்கும். அடித்துளையில் சாம்பல் அடைத்துக்கொண்டால் எவ்வளவு நல்ல கரியும் சோர்ந்துபோகும். மூடியைத் திறக்கும்போது சட்டென்று தூக்காமல் ஓரத்தைச் சற்றே உயர்த்தி ஒரு கணம் பொறுங்கள். காற்றுக்காகக் காத்திருந்த தீ முகத்தை நோக்கி எழும்பலாம்.

மீன் ஒட்டிப் பிய்ந்துபோவதற்குக் காரணம் சூடேறாத கம்பி. பத்து நிமிஷம் காய்ந்த கம்பியில், ஈரம் துடைத்து எண்ணெய் தடவிய மீனை வையுங்கள். முழுச் சங்கராவுக்கு இரட்டைக் கம்பிக்கூடு நல்லது. தோல் முறுகியதும் அது தானாகவே விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் கரண்டியால் நெம்பினால் தோல் கம்பியோடு நின்றுவிடும். கம்பியைத் தேய்க்க இரும்பு நாரோ உதிரும் பிரஷ்ஷோ வேண்டாம். உதிர்ந்த ஒரு கம்பித் துணுக்கு தொண்டையில் குத்தி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, சூடான கம்பியில் அழுத்தித் தேய்த்தால் போதும்.

கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம். பேஸ்ட், பேனா மை, மஞ்சள் எதுவும் கூடாது.

பனிக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று தணல் சட்டியை அறைக்குள்ளோ மூடிய பால்கனிக்குள்ளோ கொண்டுபோவதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. கனலும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். வாசமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். புகை தெரியவில்லை என்பதால் அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது.

விருந்து முடிந்ததும் இரண்டு துளையையும் மூடிவிட்டால் மிச்சக் கரி அணைந்து, அடுத்த முறைக்குப் பாதிக்குப் பாதி புதுக்கரியோடு சேர்க்க உதவும். சாம்பலை இரண்டு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் காலை ஆறிப்போனதாகத் தெரியும் சாம்பலுக்குள் கொட்டைப்பாக்கு அளவு கனல் ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியின் அடி உருகி வழிவது அப்படித்தான். மூடியுள்ள தகர டப்பாவில் அள்ளி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்.