12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு

கையால் வரையும் ஒரு குட்டிக் கார்ட்டூன். அதில் ஒரு குண்டுப் பூனை அடுப்பங்கரைப் பாத்திரங்களைத் தாளத்தோடு தட்ட வேண்டும். மொத்தம் 20 விநாடிதான். 1928-இல் டிஸ்னியின் மிக்கி மவுஸ் கார்ட்டூன் ‘ஸ்டீம்போட் வில்லி’க்கு ஒலி சேர்த்த மாதிரியே சேர்த்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதல் முயற்சி குப்பைக்குப் போனது. நிமிடத்துக்கு 100 தட்டு என்று வைத்துக்கொண்டு வரைந்தேன். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம், ஓடுகிறது என்றால் ஒரு தட்டுக்கு 14.4 ஃபிரேம் வரும். 0.4 ஃபிரேமை யார் வரைவது? 14 என்று வைத்துவிட்டேன். நாலைந்து தட்டு வரை ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பூனை கரண்டியைத் தூக்கிய பிறகு அரை விநாடி கழித்துச் சத்தம் வருகிறது.

டிஸ்னி ஸ்டூடியோவில் இதற்கு வழி கண்டவர் வில்ஃபிரட் ஜாக்சன். அவருடைய அம்மா பியானோ டீச்சர். அதனால் ஒரே சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் அவருக்குப் பழக்கம். தாளத்தை ஃபிரேம் கணக்காக மாற்றி, எந்த அடியில் என்ன நடக்கிறது என்று முதலிலேயே தாளில் எழுதிவிட்டார்கள். படம் வரைவது அதற்கு அப்புறம்தான். நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

சரி, மறுபடி முதலிலிருந்து. தட்டுக்கு 12 ஃபிரேம், அதாவது நிமிடத்துக்கு 120. 20 விநாடிக்கு 40 தட்டு. ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 240 படம். தட்டும் கையை மட்டும் சுழற்சியாக, அதே படங்களே திரும்பத் திரும்ப வரும்படி, வைத்ததால் பாதிக்கு மேல் மிச்சம். இன்னொன்றும் தெரிந்தது: கரண்டி சத்தத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் பட்டால்தான் கண்ணுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஒலிப்பதிவு அக்கா பையனோடு. எவர்சில்வர் கிண்ணம், தாம்பாளம், தகர டப்பா. முதல் தடவை படத்தைப் பார்த்தே தட்டச் சொன்னேன். பிந்திக்கொண்டே போனான். நியூயார்க்கில் டிஸ்னியின் முதல் பதிவும் இப்படித்தான் சொதப்பியது. இசைக்குழு படத்தோடு ஒட்டவில்லை. இரண்டாவது பதிவுக்குக் காரை விற்றுப் பணம் சேர்த்தார். அந்தத் தடவை இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் பார்ப்பதற்கென்றே ஃபிலிமில் ஒரு துள்ளும் பந்தைப் போட்டார்கள்.

பந்து புதுசில்லை. டிஸ்னியைப் போலவே கார்ட்டூன் எடுத்த ஃபிளைஷர் சகோதரர்கள் 1924-இலிருந்தே பாட்டு வரிகளின் மேல் பந்தைத் துள்ளவிட்டுத் தியேட்டர் முழுவதையும் பாட வைத்தவர்கள். அந்தப் பாட்டுக் கார்ட்டூன்களில் சிலவற்றுக்கு ‘வில்லி’க்கு முன்பே ஒலித்தடமும் இருந்தது. ‘வில்லி’யை முதல் ஒலி கார்ட்டூன் என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

நானும் படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பந்தைத் துள்ளவிட்டேன். அடுத்த டேக்கிலேயே பையன் பிடித்துக்கொண்டான். “மாமா, பூனையைப் பார்க்கவே வேண்டாம், பந்து போதும்” என்றான். 31-ஆவது தட்டில் டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. வெட்ட மனசில்லை. அந்த இடத்தில் பூனை திரும்பிப் பார்ப்பதாக ஆறு படம் கூடுதலாக வரைந்தேன்.

அடுத்தது 10 ஃபிரேம் தாளம், நிமிடத்துக்கு 144. பூனைக்குக் கரண்டியைத் தூக்க நேரம் போதுமா என்று பார்க்க வேண்டும்.